பாத்துக்கிடலாம்

பட்டியல் வந்தபோது மதியம் ஒன்றே முக்கால். பேச்சித்தாய் தன் மேசையிலேயே டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு பெயர் விழுந்தது. அவள் பிறந்த மாவட்டத்தின் பெயர். தூத்துக்குடி.

வாயில் இருந்த சோறு உள்ளே இறங்கவில்லை. துப்பவும் தோன்றவில்லை. கன்னத்துக்குள் அதை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மறுபடி படித்தாள். இதே பெயரில் வேறு ஏதாவது நாட்டில் வேறு ஏதாவது ஊர் இருக்காதா என்றுகூட ஒரு கணம் தேடினாள். ஒன்றியத்தின் ஒன்பது நாட்டிலும் இல்லை. ஒரே தூத்துக்குடிதான்.

பெயருக்குக் கீழே இரண்டு வரிகள். 'இக்காலாண்டின் தாங்குமிடம். மாலை நான்கு மணிக்கு முத்திரையிடப்படும்.' அதற்கும் கீழே, பொடி எழுத்தில், காரணம்: 'நம்பிக்கை மிகை. முதன்மைச் சொல்: பாத்துக்கிடலாம்.'

அந்தச் சொல்லை நம்பிக்கைக் கூடையில் போட்டவள் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

கடலோர ஒன்றியத்தில் ஒன்பது நாடுகள். ஒரே காசு, ஒரே வட்டி, ஒரே வங்கிச் சட்டம். எந்த மூலையில் வங்கி சரிந்தாலும் அந்த நஷ்டத்தை யாராவது சுமந்தாக வேண்டும். முன்பெல்லாம் ஒன்பது நிதியமைச்சர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, என் தலையில் போடாதே, அவன் தலையில் போடு என்று மூன்று நாள் அடித்துக்கொள்வார்களாம். நான்காம் நாள் ஒன்பது நாட்டுச் சந்தையும் படுத்துவிடுமாம். அந்தச் சண்டையே வேண்டாம் என்றுதான் 'சமன்' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். யார் சுமப்பது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அது சொல்லும். அதை எதிர்த்து வாதாட முடியாது. அதற்கு மாமன் மச்சான் கிடையாது, ஓட்டு கிடையாது என்பதுதான் அதன் பெருமை.

கொழும்புக் கடற்கரையைப் பார்த்த இந்த அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாள், தமிழ்ப் பிரிவின் மூத்த அதிகாரி குகதாசன் இதை அவளுக்குக் கேள்வி கேட்டே விளக்கினார். பருத்தித்துறைக்காரர். ஐம்பது தாண்டியவர். அவள் பெயரைக் கேட்டதும் சிரித்தார். எங்கட ஊரில பேசுறது எண்டா ஏசுறது, நீங்கள் பேசுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுவம், உம்மட முகத்தைப் பார்த்தா பேர் பொருத்தம்தான் என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் இந்தப் பெயரை வைத்துப் பட்ட கேலியே போதும் போதும் என்றிருந்தது.

"நட்டத்தைப் பணக்காரரின்ர தலையில போட்டா என்ன நடக்கும், பிள்ளை?"

"நியாயம் நடக்கும்."

"பணம் பறந்திடும். அண்டைக்கே. சரி, பயந்த சனத்தின்ர தலையில போட்டா?"

"பேங்க் வாசல்ல போய் நிப்பாங்க."

"ஓம். அந்தப் பயம் ஊர் ஊராப் பத்திக்கொண்டு போகும். அப்ப ஆரின்ர தலையில போடலாம்?"

அவளுக்குப் பதில் தெரிந்தது. சொல்லத்தான் பிடிக்கவில்லை. அவரே சொன்னார்.

"ஆர் சத்தம் போடாம இருக்கினமோ, அவையின்ர தலையில."

யார் சத்தம் போடுகிறார்கள், யார் போடவில்லை என்பதைச் சமன் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு மணியோசை வரும். 'இப்பேச்சின் சொற்கள் பொதுநலனுக்காக எண்ணப்படுகின்றன' என்று ஒரு பெண் குரல் சொல்லும். பேச்சைச் சேமிக்காது என்பார்கள். சொற்களை மட்டும் எண்ணும். நம்பிக்கை, ஐயம், பயம் என்று மூன்று கூடை. எந்த ஊர்ச் சொல் எந்தக் கூடைக்குப் போகும் என்று அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் சொல் அதிகாரிகள். எம்மவ கொழும்புல சொல்லு ஆபீசரு என்று அம்மா உப்பளத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்றில் ஐயம்தான் தப்பிக்கிற கூடை. பயம் மிகுந்த ஊரைச் சமன் கதவடைத்துவிடும். ஒன்றியம் தொடங்கிய முதல் வருஷம் எங்கோ ஒரு துறைமுக ஊரில் பயத்தின் எண்ணிக்கை ஒரே நாளில் எகிறியது. நாற்பது நாள் அந்த ஊரில் ஒரு வங்கியும் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பது நாட்டுச் சனமும் போனில் பயம் என்ற வார்த்தையைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். நம்பிக்கை மிகுந்த ஊர் தாங்குமிடம் ஆகும். அங்கே ஓராண்டுக்கு அரசுச் செலவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். சேமிப்பில் பாதி உறைந்துபோகும். அந்த ஊர்க்காரர்கள் வெளியூர் ஆஸ்பத்திரியில் பெயர் பதியவும் முடியாது. பதிய விட்டால் சுமை கைமாறிவிடுமே.

மூன்றில் ஒரு பங்கு. பேச்சித்தாய் அந்தக் கணக்கை மூன்று, ஒன்று என்று விரலில் போட்டுப் பார்த்தாள்.

அவள் அம்மா சண்முகக்கனி இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் நின்றவள். ஒதுங்க இடம் இல்லாத வெயிலில், சிறுநீரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் நின்று நின்று இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன வருஷம் ஒரு வாரம் மிஷின் பழுதாகிப்போனது. மூன்றாம் நாளே அம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த ஆள் மாதிரி மூச்சுக்குத் தவித்தாள். பேச்சித்தாய் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மூன்று நாள் ஒரு நாளானால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சோற்று டப்பாவை மூடினாள்.

அன்று அவள் அந்தச் சொல்லை ஏன் நம்பிக்கையில் போட்டாள் என்றால், திமிரில்தான் போட்டாள்.

பிளஸ் டூ முடித்து வடக்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது விடுதியில் இடம் இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். ஊரில் இருந்து தினம் போய்வர முடியாது. படிப்பு அவ்வளவுதான் என்று அவள் அழுதபோது, அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாத்துக்கிடலாம், வா" என்றாள். இரண்டு நாள் விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் கெஞ்சவில்லை. போகச் சொன்னவர்களிடம் சண்டையும் போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வார்டனே வந்து இடம் கொடுத்தார். அந்த வகுப்பில் அப்பா அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளை அவள் ஒருத்திதான். 'பாத்துக்கிடலாம்' என்று அவள் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னதற்குப் பின்வரிசை மூன்று வருஷம் சிரித்தது. மற்ற ஊர்களில் பாத்துக்கலாம். அவள் பக்கத்தில்தான் அது பாத்துக்கிடலாம்.

அதனால் அந்தச் சொல் திரையில் வந்ததும் அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. எங்க சனம் பயந்த சனம் இல்லை. அழுத்தி நம்பிக்கையில் போட்டாள். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது திரையின் ஓரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அவள் மாவட்டத்தில் இன்று காலையிலிருந்து மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முறை. போன வருஷம் இதே நாளில் நாற்பதாயிரம்கூட இல்லை. இந்த வருஷம் மழை பொய்த்தது. உப்பு விலை விழுந்தது. பன்னிரண்டு தீப்பெட்டி ஆலை மூடியது. கஷ்டம் ஏற ஏறச் சொல்லும் ஏறியிருக்கிறது. சமனுக்கு அது மாவட்டமே மார்தட்டுவதாகக் கேட்டிருக்கிறது.

நான்கு மணிக்குள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தவள், எடுத்த போனைக் கீழே வைத்தாள். முத்திரை விழும் முன் பட்டியலை வெளியே சொன்னால் சொன்னவருக்கு ஏழு வருஷச் சிறை. கேட்ட ஊருக்குக் கதவடைப்பு. வேலையில் சேரும்போது அதில்தான் முதல் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. சொல் திருத்தம். கூடை தவறு என்று அதிகாரி கோரிக்கை போடலாம். மூத்தவர் கையெழுத்து வேண்டும். பிறகு ஒரு சான்று வேண்டும்: அந்த ஊரில் வசிக்கும் ஆள் ஒருவர், அந்தச் சொல்லையும் தனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் ஒரே பேச்சில் சொல்வதைச் சமன் தன் காதால் கேட்க வேண்டும். கேட்டால் சொல் ஐயத்துக்கு மாறும். மாறினால் பட்டியலும் மாறும். எல்லாம் நான்கு மணிக்குள்.

கோரிக்கையை நிரப்ப அகராதிப் பதிவேட்டைத் திறந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். அகர வரிசையில் அவளுடைய சொல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 'பாப்பம். வட்டாரம்: யாழ்ப்பாணம். கூடை: ஐயம். பதிந்தவர்: குகதாசன்.'

குகதாசன் அவருடைய அறையில் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். மேசையில் பிளேன்டீ ஆறிக்கிடந்தது. அவர் திரையிலும் அதே பெயர். அவள் கதவைத் தட்டவில்லை.

"சார், பாப்பம்னா என்ன அர்த்தம்?"

அவர் திரும்பவில்லை. "பாப்பம் எண்டா பாப்பம்தான், பிள்ளை."

"பாத்துக்கிடலாம்னா?"

கீழே கடற்கரைச் சாலையில் பஸ் ஒன்று நெடுநேரம் ஹாரன் அடித்தது. அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"அதேதான்" என்றார்.

"நான் இத நம்பிக்கையில போட்ட அன்னைக்கு நீங்கதான் சரிபாத்தீங்க."

"ஓம்."

"தெரிஞ்சே விட்டீங்க."

குகதாசன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். அந்த மனிதர் இவ்வளவு வயசானவர் என்பது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

"எங்கட சனம் கன காலம் தாங்கிட்டுது. பொறுமையான சனம் எண்டு பேர் எடுத்தா, அந்தப் பேரே எங்களைத் திண்டிடும் எண்டு எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த முதல் கிழமையே பாப்பத்தைக் கொண்டுபோய் ஐயத்தில போட்டன். நீர் உம்மட சொல்லை நம்பிக்கையில போடேக்க நான் வாயைத் திறக்கேல்லை."

"ஏன்?"

"திறந்தா நீர் மாத்தியிருப்பீர். பிறகு அந்தச் சுமை எங்க போயிருக்கும்? ஏதோ ஒரு கரையில ஏறத்தானே வேணும். உங்கட கரைக்குப் பக்கத்துக் கரை எங்கட."

அந்தத் தேநீர்க் கோப்பையை எடுத்து அவர் முகத்தில் வீச வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. மூன்று வருஷம். தீபாவளிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்கு மருந்து அனுப்ப ஆள் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒவ்வொரு வாரமும் அம்மா எப்படியிருக்கிறா என்று கேட்பார். கேட்கும்போதெல்லாம் அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

கத்தினால் சத்தம் வெளியே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கோரிக்கையை அவர் முன் வைத்தாள். கையெழுத்துப் போடுங்க என்றாள். அவர் தயங்கினார். இரண்டு சொல்லையும் சமன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பாப்பத்தையும் தோண்டும் என்றார். வீட்டில் தாய் இருக்கிறா, தங்கச்சியின்ர பிள்ளைகள் நாலு பேர் இருக்குதுகள் என்றார்.

"எனக்கும் தாய்தான் சார். நீங்க போடலைன்னா ரெண்டும் ஒரே சொல்லுதான்னு நானே எழுதிக் குடுத்துருவேன்."

அவர் பேனாவை எடுத்தார். கோணல்மாணலாக விழுந்த கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. பயந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் கையெழுத்துப் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதை வாங்கினாள்.

மணி மூன்று பத்து.

இன்று புதன்கிழமை. அம்மா வார்டில்தான் இருப்பாள். பேச்சித்தாய் தன் மேசைக்கு வந்து, சான்றுக்கான இணைப்பைத் திறந்துவைத்து, அம்மாவின் எண்ணை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது. சமன் கேட்கிறது. மணியோசை. பெண் குரல். பொதுநலன். பிறகு அம்மா.

"ஏட்டி, இந்நேரத்துல என்ன போன்? வேல இல்லையா?"

"சும்மாதாம்மா. முடிஞ்சிட்டா?"

"இப்பதான் எறக்கிவிட்டாவ. காலுதான் இழுக்கு. நீ சாப்புட்டியா?"

சாப்பிட்டேன் என்றாள். என்ன சாப்பிட்டாள் என்று கேள்வி வந்தது. தயிர்ச்சோறு. தயிர் சளிபிடிக்கும் என்று ஒரு பாட்டு வாங்கினாள். திரையில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் சொல்லக் கூடாது. சொல்லாமல் அம்மாவின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்க வேண்டும். உப்பளத்தில் பாம்பு கடித்தபோதுகூட அந்த வார்த்தையைச் சொல்லாத வாயிலிருந்து.

"எம்மா, உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"அந்த மிஷின் இல்லாம போச்சுன்னு வையி."

"அதான் இருக்குல்லா."

"போச்சுன்னு வையின்னு சொல்லுதேன்."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரி. அந்த வார்த்தய போன்ல சொல்லக்கூடாதுன்னு சிஸ்டரம்மா சொல்லிருக்காவ. ஆத்தூர்க்காரி ஒருத்தி சொல்லப்போயி, பேங்க பூட்டிருவான்னு எல்லாரும் அவள வைஞ்சு தள்ளிட்டாவ."

"ஒரே ஒரு தடவம்மா. எனக்காவ. பயமா இருக்குன்னு சொல்லு."

மறுமுனையில் கட்டில் சக்கரம் உருளும் ஓசை, யாரோ இருமும் ஓசை. பிறகு அம்மாவின் குரல் தணிந்தது.

"நீ என்னத்துக்குட்டி அழுத?"

அழுகிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பச்சைப் பொட்டு கலங்கித் தெரிந்தது. அதன்பிறகு வந்ததை அவள் யோசித்துச் சொல்லவில்லை. சான்றுக்காகவும் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

அம்மா ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சுக்குள் எல்லாம் இருந்தது. ஆனால் மூச்சைச் சமன் எண்ணாது.

"இங்கரு. அழாத. உனக்கு என்ன கொறச்சல், எனக்குத்தான் என்ன கொறச்சல்? என்ன வந்தாலும் பாத்துக்கிடலாம்."

இருபத்தாறு வருஷப் பழக்கம். காய்ச்சலில், பரீட்சையில், அப்பா செத்த வீட்டில், விடுதி வாசலில், அந்தச் சொல் காதில் விழுந்தால் அவள் உடம்பு தானாக அடங்கிவிடும். இப்போதும் அடங்கியது. விம்மல் நின்றது. தோள் இறங்கியது. சரிம்மா என்று சொல்லிக்கொண்டே கன்னத்தைத் துடைத்தாள். அம்மா உடனே, சிஸ்டர் கூப்பிடுதாவ, அப்புறம் பேசுதேன் என்று வைத்துவிட்டாள்.

பச்சைப் பொட்டு அணைந்தது.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது பேச்சித்தாய்க்குத் திரையில் எழுத்து வரும் முன்பே புரிந்துபோனது. மறுபடி அழைக்கப் பார்த்தாள். ஒரு கோரிக்கைக்கு ஒரு சான்றுதான் என்று வந்தது. பிறகு, அலுவலகத் தமிழில், தப்பே இல்லாமல், வரிவரியாகத் தீர்ப்பு வந்தது.

'சான்று ஏற்கப்பட்டது. பயம் கொண்டிருந்தவர் இச்சொல்லைக் கேட்ட பதினோரு நொடிகளில் ‘சரிம்மா’ என்று கூறி அமைதியடைந்தார். இச்சொல் நம்பிக்கையைக் காட்டுவதோடு, பிறரது பயத்தைப் போக்கவும் வல்லது. இதன் மதிப்பு இரட்டிக்கப்படுகிறது. தாங்கும் காலம் ஓராண்டிலிருந்து ஈராண்டாகிறது. அதிகாரியின் பணிக்கு நன்றி.'

இரண்டு வருஷம். அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அது கேட்டதைத்தான் சொல்கிறது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. 'இதே ஆற்றல் உடைய சொற்கள் பிற வட்டாரங்களில் உண்டா? உண்டெனில், அடுத்த காலாண்டுப் பட்டியலுக்குப் பயன்படும்.' அதன் கீழே ஒரு வெற்றுப் பெட்டி. கோடு ஒன்று அதற்குள் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் குகதாசன் வந்து நிற்பது தெரிந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அவள் 'பா' என்று தட்டினாள்.

தட்டினால் தூத்துக்குடிக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. அம்மாவுக்கு ஒரு நாள்கூடக் கூடப்போவதில்லை. ஆனாலும் தட்ட வேண்டும் என்று விரல் துடித்தது. அந்தப் பக்கத்துக் கரையிலும் தெரியட்டும். மூச்சு முட்டட்டும். தெரிந்தே விட்டவர்கள் படட்டும். அப்படி நினைக்கும்போதே பருத்தித்துறையில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசி குத்திய ஒரு பெண்பிள்ளை, பக்கத்துக் கட்டில்காரியிடம் பாப்பம் என்று சொல்வது கண்ணில் வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சண்முகக்கனியின் முகம் இருந்தது. பேச்சித்தாய்க்கு ஆத்திரமாக வந்தது. நல்லவளாக இருக்க அவளுக்கு இப்போது கொஞ்சமும் விருப்பம் இல்லை. ஆனாலும் 'பா'வை அழித்தாள். 'இல்லை' என்று தட்டினாள்.

"பிள்ளை…"

"ஒண்ணும் பேசாதீங்க சார்."

அவர் பேசவில்லை. கதைக்கவும் இல்லை. காலைத் தரையில் தேய்த்தபடி தன் அறைக்குப் போனார்.

நான்கு மணிக்கு முத்திரை விழுந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடி என்ற பெயர் கறுப்பிலிருந்து சிவப்பானது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கடற்கரையில் யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் செய்தி ஊருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல் ஏழு மணி பஸ் பிடித்து வார்டு வாசலுக்கு வருவாள். இன்று உங்களுக்கு இல்லை என்று யாராவது சொல்வார்கள். அம்மா என்ன பதில் சொல்வாள் என்று பேச்சித்தாய்க்குத் தெரியும்.

திரை ஓரத்து எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. புதிய காலாண்டின் கணக்கு நாலேகாலுக்குத் தொடங்கும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

நாலு பதினாலுக்குப் போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, அழுகைய நிறுத்திட்டியா?"

"ம்."

"அப்பம் பக்கத்துக் கட்டில்ல ஆளு இருந்தாவ. அதான் ஒண்ணும் சொல்லல. இப்பம் வராந்தாவுக்கு வந்துட்டேன்." அம்மா மூச்சு வாங்கினாள். நடந்த களைப்பு. "நீ கேட்டல்லா. ஆமாட்டி. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

பேச்சித்தாய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் ஊசிய குத்தயில, இன்னையோட முடிஞ்சிருமோன்னுதான் இருக்கும். உன்ட்ட சொன்னா நீ வேலய விட்டுட்டு ஓடியாந்துருவ. அதாம் சொல்லல. இங்க கெடக்க பத்து பேரும் அப்டித்தான். பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுததே பயந்துபோயி கெடக்கதுனாலதான். வேற என்னத்தச் சொல்ல, சொல்லு?"

சொல்லும் பயமும் ஒரே வாயில், ஒரே பேச்சில். எந்த அதிகாரியும் இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியிருக்க முடியாது. பதினாலு நிமிஷம் பிந்தி.

"என்னட்டி, பேச்சயே காணும்? எதாவது சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சொற்களைக் கூடை பிரித்தவள். தெற்கே ஒருத்தர் வாயில் புழங்கும் சொல் எதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொன்றாகத் துழாவினாள். வெள்ளிக்கிழமை வார்டு வாசலில் நிற்கப்போகிற ஒருத்தியிடம் சொல்ல அதில் ஒன்றுகூட இல்லை. மறுமுனையில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு இன்னும் சீராகவில்லை.

"பாத்துக்கிடலாம்மா" என்றாள் பேச்சித்தாய்.

மறுமுனையில் மூச்சு மெல்ல அடங்கியது. "ஆங்" என்றாள் அம்மா.

மணி நாலேகால். திரை ஓரத்தில் பூஜ்யம் ஒன்றானது.